பிணப் பாதையில் ஒரு மஞ்சள் பெருக்கல் குறி

இது நடந்தது. எனக்கே நடந்தது. கேட்டுவிட்டு யாராவது சிரித்தால் சிரித்துக்கொள்ளட்டும். இந்த மாதிரிக் கதைகளைக் கேட்டு நானும் முப்பது வருஷம் சிரித்தவள்தான்.

என் பெயர் அசெனோர். அர்ரே மலையடிவாரத்தில் ட்ரெவெலேன் என்கிற சின்ன ஊர் எங்களுடையது. முப்பத்தோரு வருஷம் பள்ளிக்கூட பஸ் ஓட்டினேன். ஒரு நிறுத்தத்துக்குக்கூட ஒரு நிமிஷம் பிந்திப் போனதில்லை. அந்தப் பழக்கம் இன்னும் என்னை விடவில்லை. எது நடந்தாலும் என் கண் முதலில் கைக்கடிகாரத்துக்குத்தான் போகும். அதனால் இதில் வருகிற மணியெல்லாம் சரியான மணி. மற்றதை நீங்கள் எப்படி வேண்டுமானாலும் எடுத்துக்கொள்ளுங்கள்.

ஓய்வு பெற்ற பிறகு ஊர் நடைச் சங்கத்தில் சேர்ந்தேன். புதர் மூடிய பழைய பாதைகளைத் திறப்போம், முள் வெட்டுவோம், மரத்திலும் கல்லிலும் மஞ்சள் பெயிண்டால் குறி போடுவோம். படுக்கையாக ஒரு கோடு இருந்தால் நேராகப் போ. கோட்டின் முனை வளைந்திருந்தால் அந்தப் பக்கம் திரும்பு. பெருக்கல் குறி இருந்தால் இந்த வழியில் வராதே. மூன்றே குறிதான். கைநாட்டு ஆசாமிகூட அதைப் பார்த்துப் பதினோரு கிலோமீட்டர் சுற்றிவிட்டுப் புறப்பட்ட இடத்துக்கே வந்து சேரலாம். எங்கள் சுற்றுப்பாதையில் பிரஷ் என் கையில். வரைபடம் குல்வென் கையில்.

குல்வென் சங்கத்தின் செயலாளர். கசாப்புக் கடையை மகனிடம் விட்டுவிட்டு நடக்க வந்தவன். நானும் அவனும் ஒரே வகுப்பில் படித்தவர்கள். வாயைத் திறந்தால் கிண்டல்தான். என்னை 'டிரைவரம்மா' என்று தவிர வேறு எப்படியும் கூப்பிட்டதில்லை.

அக்டோபர் கடைசியில் ஒரு பெரும் புயல் அடித்தது. அதில் எங்கள் பள்ளப்பாதையில் ஒன்பது மரங்கள் சாய்ந்துவிட்டன. இரண்டு பக்கமும் ஆள் உயர மண்கரை, அதன்மேல் ஓக் மரங்கள், கோடையிலும் ஈரம் காயாத தரை... அப்படிப்பட்ட பாதை அது. மேற்கே மேட்டுப் பண்ணைகளிலிருந்து கிழக்கே தேவாலயத்துக்குப் போகும். சுற்றுப்பாதையும் அதற்குள்தான் போகிறது. மரங்களை அறுத்து எடுக்க மாதக் கணக்காகும் என்றார்கள். அதுவரை நடக்க வருகிறவர்களை வேறு பக்கம் திருப்பிவிட வேண்டும்.

வலது பக்கம் தார் ரோடு இருந்தது. அதுதான் சுலபம். நான்தான் இடது பக்கம் என்று அடம்பிடித்தேன். இடது பக்கம் திரும்பினால் பாதை எங்கள் வீட்டுக் கொல்லையை ஒட்டிப் போகும்.

காரணம் என் கணவன் ரிவால். அவனுக்கு பைபாஸ் ஆபரேஷன் முடிந்து மூன்று வாரம்தான் ஆகியிருந்தது. நாற்பது வருஷம் பால்மாடு வைத்திருந்தவன். உட்கார்ந்து காபி குடித்துக்கூட நான் பார்த்ததில்லை. அவனை டாக்டர் நாற்காலியில் உட்கார்த்திவிட்டார். பின்ஜன்னல் வழியே ஒரு கோழிக்கூடு, ஒரு வேலி, அதுதான் அவன் உலகம். ஒரு நாள் தனியாக உட்கார்ந்து அழுதான். நான் பார்த்துவிட்டது அவனுக்குத் தெரியாது. அன்றைக்கே முடிவு செய்தேன். அந்த ஜன்னலைக் கடந்து நாலு மனிதர்கள் போக வேண்டும், அவனுக்குக் கை காட்ட வேண்டும்.

நவம்பர் ஐந்தாம் தேதி, புதன்கிழமை, குல்வெனும் நானும் குறி மாற்றப் போனோம். பள்ளப்பாதையின் வாயில் இடுப்பளவுக் கருங்கல் ஒன்று நிற்கிறது. அதில் பெருக்கல் குறி போட நான் குனிந்தேன்.

"டிரைவரம்மா, யோசிச்சுத்தான் போடுறியா? இது பிணப் பாதை."

"தெரியும்."

"மேட்டுல எவன் செத்தாலும் பெட்டி இது வழியாத்தான் கோயிலுக்குப் போகணும். எங்க தாத்தாவைத் தூக்கிட்டுப் போனப்ப இதுல இடுப்பளவு தண்ணி. பக்கத்துலயே நல்ல ரோடு இருந்துச்சு. ஒருத்தன் அந்தப் பக்கம் திரும்பலையே."

"அது உங்க தாத்தா காலம். இப்ப எல்லாப் பொணமும் கார்ல போகுது."

"பொணம் கார்ல போகும். அங்கூ கார் வாங்கிட்டானா என்ன? நீ பாட்டுக்கு வராதேன்னு பெருக்கல் போட்டா அவன் எந்தப் பக்கம் வண்டியைத் திருப்புவான்? பாவம், வயசானவன்."

"கண்ணு தெரிஞ்சா குறியைப் பாத்துப் போவான். நீ டப்பாவை ஆட்டாம பிடி."

இரண்டு பேரும் சிரித்தோம். அங்கூ யார் என்று எங்கள் பக்கத்தில் தொட்டில் பிள்ளைக்கும் தெரியும். உயிரை ஏற்றிக்கொண்டு போக வருகிறவன். அவன் வண்டியின் அச்சுக்கு யாரும் எண்ணெய் போடுவதில்லை. சத்தம் கேட்ட வீட்டில் ஒருவர் போவார் என்பார்கள்.

கல்லில் பெருக்கல் குறி போட்டேன். எதிரே இருந்த ஓக் மரத்தில், இடது பக்கம் வளைகிற கோடு. அங்கிருந்து வீடு தொள்ளாயிரம் மீட்டர். வழியில் ஏழு குறிகள். ஏழாவது எங்கள் வேலிக்காலில், ரிவாலின் ஜன்னலுக்கு நேர் கீழே.

முதல் நான்கு நாள் நான் நினைத்தது நடந்தது. நடக்க வந்தவர்கள் கை காட்டினார்கள். ரிவால் மடியில் ஒரு நோட்டு வைத்துக்கொண்டு எண்ணினான். "இன்னைக்குப் பதினாலு பேர். அதுல ஒரு பொம்பளை நாயைத் தோள்ல போட்டுட்டுப் போறா," என்று சிரித்தான். உப்பு வெண்ணெய் தடவிய ரொட்டியை இரண்டாவது துண்டும் கேட்டு வாங்கிச் சாப்பிட்டான். என் கெட்டிக்காரத்தனத்தை நானே மெச்சிக்கொண்டேன்.

ஒன்பதாம் தேதி, ஞாயிறு. கோழிகளை அடைத்துவிட்டு உள்ளே வந்தேன். மணி 5.50. மேகம் மூடி வெளியே இருட்டிவிட்டது.

"இப்பதான் ஆறு பேர் போனாங்க," என்றான் ரிவால்.

"இந்த இருட்டுலயா? டார்ச் வெச்சிருந்தாங்களா?"

"இல்ல."

"கை காட்டினாங்களா?"

"குனிஞ்ச தலை நிமிரல."

கோழிக்கூட்டிலிருந்து பாதை பத்தடி. நான் கால் மணி நேரமாக அங்கேதான் நின்றிருந்தேன். யாரும் போகவில்லை.

நான் அவனிடம் அதைச் சொல்லவில்லை.

திங்கள்கிழமையும் அதே ஆறு பேர். அதே நேரம்.

"வரிசையா போறாங்க. ஒருத்தன் பின்னாடி ஒருத்தன். ஊர்வலத்துல முன்னாடி நடப்பாங்களே, அந்த மாதிரி."

"பின்னாடி என்ன வருது?"

ரிவால் மடியிலிருந்த நோட்டை மூடினான்.

"இன்னும் வரல," என்றான்.

செவ்வாய்க்கிழமை அவன் சூப்பைத் தொடவில்லை. அந்த ஆறு பேரில் ஒருவன் நின்றானாம். தலையைத் தூக்கி ஜன்னலைப் பார்த்தானாம்.

"யாரு மாதிரி இருந்தான்?"

"லவெனான் மாதிரி இருந்தான்."

லவெனான் மேட்டுப் பண்ணைக்காரர். ஏப்ரலில் அவரை அடக்கம் செய்தோம். குழிக்குள் முதல் பூவைப் போட்டவளே நான்தான்.

"மாத்திரை உன் மூளைக்கு ஏறிப்போச்சு. படு," என்று அதட்டினேன். பயம் வந்தால் எனக்குக் கோபமாகத்தான் வரும். அன்றிரவு அவனும் தூங்கவில்லை, நானும் தூங்கவில்லை.

புதன்கிழமை காலை பாதையைப் பார்க்கப் போனேன். ஈர மண்ணில் இரண்டு வண்டித்தடங்கள். விரல் அகலம்தான். இரும்புப் பட்டை போட்ட பழைய மரச்சக்கரம் மாதிரி. நடைபாதையில் வண்டி ஓட்டக் கூடாது என்று நாங்கள் பலகையே வைத்திருக்கிறோம். எந்த முட்டாள் இது என்று திட்டிக்கொண்டே தடத்தோடு நடந்தேன்.

தடம் மேற்கே மேட்டிலிருந்து வந்திருந்தது. கருங்கல்லுக்கு முன்னால் ஆழமாகப் பதிந்திருந்தது. வண்டி அங்கே வெகுநேரம் நின்றிருக்க வேண்டும். பிறகு இடது பக்கம் திரும்பியிருந்தது. என் வளைந்த கோடு காட்டிய பக்கம்.

குதிரையின் குளம்படி ஒன்றுகூட இல்லை. மனிதக் காலடியும் இல்லை.

முதல் குறியைக் கடந்திருந்தது. இரண்டு. மூன்று. நான்கு. ஐந்தாவது குறியில் தடம் நின்றுவிட்டது. திரும்பிப் போன தடம் இல்லை. பக்கத்தில் விலகின தடமும் இல்லை. அங்கே ஒரு வண்டி இருந்து, அப்படியே இல்லாமல் போனது போல இருந்தது.

குல்வெனுக்குப் போன் செய்தேன்.

"எவனோ நம்ம பாதையில வண்டி ஓட்டுறான்."

"அச்சுல சத்தம் வருதான்னு கேளு. எங்கிட்ட ஒரு டப்பா எண்ணெய் இருக்கு. குடுத்தனுப்புறேன்."

"விளையாடாத குல்வென். ரிவால் தூங்கி மூணு நாளாகுது. சாயங்காலமானா ஜன்னல் பக்கம் ஆள் போறாங்கன்னு நடுங்குறான்."

அவன் சிரிப்பு நின்றது. "அப்படியா... சரி விடு. பாத்துக்கலாம்," என்றான்.

வியாழக்கிழமை காலை தடம் ஆறாவது குறி வரை வந்திருந்தது.

நவம்பர் பதினான்கு. வெள்ளி.

மதியத்திலிருந்தே மூடுபனி இறங்கிக்கொண்டிருந்தது. நவம்பரை எங்கள் மொழியில் கறுப்பு மாதம் என்போம். அன்றைக்கு அது வெள்ளையாக இருந்தது. 4.40க்கு ரிவால் நாற்காலியிலேயே கண்ணயர்ந்தான். நான் நின்று அவனைப் பார்த்தேன். நேற்று ஆறாவது குறி. இன்று ஏழாவது. ஏழாவது அந்த வேலிக்கால்.

நம்பினேன் என்று சொல்ல மாட்டேன். நம்பாமல் இருக்கவும் முடியவில்லை. எவனாவது வண்டிக்காரன் இருந்தால் பாதை பிரிகிற இடத்திலேயே அவனை மறித்து நாலு வார்த்தை கேட்பது என்று கிளம்பினேன். என் பையில் எப்போதும் இருக்கிற சாமான்கள் இருந்தன. மஞ்சள் டப்பா, பழைய குறியை மறைக்கிற சாம்பல் நிற டப்பா, கம்பி பிரஷ், இரண்டு பெயிண்ட் பிரஷ்.

5.04க்குக் கருங்கல்லிடம் வந்தேன். பத்தடிக்கு அப்பால் எதுவும் தெரியவில்லை. ஓக் மரங்களிலிருந்து சொட்டுச் சொட்டாக நீர் விழுந்தது. எங்கோ ஒரு மரம் அறுக்கிற மெஷின் ஓடி நின்றது. பிறகு வேறு சத்தமே இல்லை.

5.11. காலடிகள்.

ஈர மண்ணில் கனமான மரச்செருப்பு பதிகிற சத்தம். மேட்டுப் பக்கத்திலிருந்து வந்தது. ஒன்று... இரண்டு... நான் எண்ணினேன். ஆறு.

"யாரது?" என்றேன்.

சத்தம் என் பக்கத்தில் வந்தது. என்னைக் கடந்தது. இடது கை முழுக்கச் சில்லிட்டது, கிணற்றுக்குள் விட்ட மாதிரி. பாதையோரப் பெரணிச் செடிகள் ஒவ்வொன்றாக அசைந்தன. ஆள் யாரும் இல்லை.

கல்லுக்கு முன்னால் காலடிகள் நின்றன.

பிறகு இடது பக்கம் திரும்பின. என் வீட்டுப் பக்கம்.

என் கால் தரையில் ஒட்டிக்கொண்டது. வெட்கமில்லாமல் சொல்கிறேன், நான் அப்போது அழுதேன்.

5.17.

க்ரீ...ச்.

மேட்டில், தூரத்தில்.

எட்டு விநாடி.

க்ரீ...ச்.

எண்ணெய் காணாத அச்சு. ஒரு சுற்றுக்கு ஒரு சத்தம். பனிக்குள் தூரம் தெரியவில்லை. ஆனால் ஒவ்வொரு சத்தமும் முன்னதைவிடக் கொஞ்சம் பெரிதாக இருந்தது.

5.24. போன் அடித்தது. ரிவால்.

"அசெனோர்... எங்க இருக்க?"

"பக்கத்துலதான். என்ன?"

"அவங்க இன்னைக்குப் போகல."

"யாரு?"

"ஆறு பேரும். ஜன்னல் முன்னாடி நிக்கிறாங்க. யாரையோ எதிர்பாத்து நிக்கிற மாதிரி..."

"திரையை இழுத்து விடு. கதவைத் திறக்காத."

"எனக்கு நெஞ்சு ஒரு மாதிரி இருக்கு அசெனோர். கை மரத்துப் போகுது."

"படு. நான் வர்றேன். படு."

க்ரீ...ச்.

வீட்டுக்கு ஓடினால் எட்டு நிமிஷம். நான் ஓடினால் வண்டி என் பின்னாலேயே வரும். ஏழு குறிகளும் நான் போட்டவை. ஒவ்வொன்றாகக் காட்டி, என் புருஷன் காலடி வரைக்கும் நான்தான் கூட்டிக்கொண்டு வந்திருந்தேன்.

கம்பி பிரஷை எடுத்தேன். கல்லின் முன்னால் மண்டியிட்டேன். தேய்த்தேன். ஒன்பது நாள் ஊறிய பெயிண்ட், போகவில்லை. விரல் முட்டி கல்லில் உரசித் தோல் உரிந்தது. சாம்பல் டப்பாவைத் திறந்து பெருக்கல் குறியின்மேல் பூசினேன். அவசரத்தில் பாதி பெயிண்ட் என் முழங்காலில் கொட்டியது.

க்ரீ...ச்.

எழுந்து ஓக் மரத்துக்கு ஓடினேன். வளைந்த கோட்டை மறைத்தேன். ஒரு முறை. இரண்டு முறை. மஞ்சள் தெரிகிறதா என்று கையால் தடவிப் பார்த்தேன்.

க்ரீச்.

நின்றது.

எனக்கு முதுகுப் பக்கம். இரண்டடி இருக்கும்.

குதிரை மூச்சு இல்லை. சேணத்தின் சத்தம் இல்லை.

ஈர மண் வாசனை. அணைந்த மெழுகுவர்த்தி வாசனை.

நான் திரும்பவில்லை.

அது போகவில்லை.

அது காத்திருந்தது. எனக்குப் புரிந்தது. குறிக்காகக் காத்திருந்தது.

மஞ்சள் டப்பாவைத் திறந்தேன். கண்ணை மண்ணிலேயே வைத்துக்கொண்டு, தவழ்ந்தே கல்லிடம் வந்தேன். சாம்பல் இன்னும் காயவில்லை. அதன் மேலேயே போட்டேன்.

படுக்கையாக ஒரு கோடு.

நேராகப் போ.

5.31.

ஒன்றும் நடக்கவில்லை.

எட்டு விநாடி...

பதினாறு...

க்ரீ...ச்.

என் வலது தோளை ஒட்டி ஏதோ நகர்ந்தது. சத்தம் பள்ளப்பாதைக்குள் இறங்கியது. அங்கே மரங்கள் குறுக்கே கிடந்தன. சக்கரம் எதிலும் முட்டவில்லை, எங்கும் தயங்கவில்லை. ஒரே வேகம்.

எனக்கு வந்தது சந்தோஷம்தான். அதை மறைக்க மாட்டேன். பெருக்கல் குறி போட்டு அடைத்த பாதை, ஒன்பது நாளாக ஒருவரும் போகாத பாதை. "போ, எங்க வேணா போ, எங்க வீட்டுக்கு மட்டும் வராத," என்று அதன் பின்னால் வாய்விட்டுச் சொன்னேன்.

சத்தம் தேய்ந்து மறைந்ததும் ஓடினேன். அறுபத்தொரு வயதில் அப்படி ஓடுவேன் என்று யாராவது சொல்லியிருந்தால் நானே நம்பியிருக்க மாட்டேன்.

5.43க்கு வீடு. ரிவால் எழுந்து நின்றிருந்தான். முகத்தில் ரத்த ஓட்டம் திரும்பியிருந்தது. திரையை விலக்கி வெளியே பார்த்துக்கொண்டிருந்தான்.

"போயிட்டாங்க," என்றான். "எல்லாரும் ஒரே நேரத்துல தலையைத் திருப்பினாங்க. யாரோ கூப்பிட்ட மாதிரி. அப்படியே கோயில் பக்கம் போயிட்டாங்க."

"எப்ப?"

"அஞ்சரை இருக்கும். அப்பவே நெஞ்சுல இருந்த பாரமும் போச்சு. உன் கைல என்ன ரத்தம்?"

அவனைக் கட்டிப் பிடித்துக்கொண்டு நின்றேன். அவன் பசிக்கிறது என்றான். சூப்பைச் சூடு பண்ணினேன். பெயிண்ட் படிந்த கையோடு ஆப்பிள் சைடர் புட்டி ஒன்றைத் திறந்து ஆளுக்கு ஒரு கிண்ணம் குடித்தோம்.

7.20க்குப் போன் வந்தது. குல்வெனின் மனைவி மெவெனா.

"குல்வென் உங்க வீட்டுல இருக்கானா?"

"இல்லையே."

"ஆறு மணிக்கு வர்றேன்னான். போனை எடுக்க மாட்டேங்கிறான்."

8.15க்கு அவள் மகன்தான் கண்டுபிடித்தான். பள்ளப்பாதைக்குள், நடுவில். கார் தேவாலயத்துப் பக்க முனையில் நின்றிருந்தது. குல்வென் ஒரு அடிமரத்தின்மேல் உட்கார்ந்திருந்தான். நெற்றியில் கட்டின விளக்கு இன்னும் எரிந்துகொண்டிருந்தது. மரம் அறுக்கிற மெஷின் பக்கத்தில் ஆறிப்போய்க் கிடந்தது. உடம்பில் ஒரு கீறல் இல்லை. இதயம் நின்றுவிட்டது என்றார் டாக்டர். ஐந்தரைக்கும் ஆறுக்கும் நடுவில் என்றார். வாழ்நாளில் ஒரு மாத்திரை போடாதவன் அவன்.

செவ்வாய்க்கிழமை அடக்கம். எல்லாம் முடிந்து, வந்தவர்களுக்குக் காபியும் ரொட்டியும் கொடுத்து முடித்த பிறகு, மெவெனா என்னைத் தனியாகச் சமையலறைக்குள் கூப்பிட்டாள். அழுது அழுது அவள் குரல் கம்மியிருந்தது.

"உன்கிட்ட சொல்லக் கூடாதுன்னான். இனிமே என்ன... புதன்கிழமையிலருந்து தினம் அங்க போய் மரம் அறுத்துட்டு இருந்தான்."

புயலுக்குப் பிறகு நாலு பக்கமும் மெஷின் சத்தம் கேட்டுக்கொண்டே இருந்த மாதம் அது. யார் எங்கே அறுக்கிறார்கள் என்று யாரும் காது கொடுக்கவில்லை.

"எதுக்கு?" என்றேன்.

"ரிவாலுக்காகத்தான். 'ஜன்னல் பக்கம் ஆள் நடமாட்டம் அவனுக்கு ஒத்துக்கல, தூக்கம் போச்சு. மரத்தை எடுத்துட்டா வழியைப் பழையபடி திருப்பிடலாம், டிரைவரம்மா கிட்ட மூச்சு விடாத, அவளும் மெஷினைத் தூக்கிட்டு வந்து நிப்பா'ன்னான்."

அவள் தன் போனை எடுத்து என்னிடம் காட்டினாள். அவன் கடைசியாகக் கூப்பிட்ட நேரம் அதில் இருந்தது. வெள்ளி, 5.38.

"சிரிச்சுட்டேதான் பேசினான். 'கொஞ்சம் லேட்டாகும் மெவெனா. மேட்டுப் பக்கத்துலருந்து எவனோ வண்டி ஓட்டிட்டு வர்றான். கட்டையெல்லாம் ஏத்திக்கிறியான்னு கேட்டுப் பாக்குறேன்'னான். அவ்வளவுதான், வெச்சுட்டான்."

அவள் என் கையைப் பிடித்தாள். முட்டிகளில் காயம் அப்போதுதான் பக்கு கட்டியிருந்தது.

"ஊரெல்லாம் கேட்டுட்டேன் அசெனோர். யார்கிட்டயும் வண்டி இல்லைங்கிறாங்க. அவனைக் கடைசியா பாத்தவன் அந்த வண்டிக்காரன்தானே. எதாவது பேசினானான்னு மட்டும் கேக்கணும் எனக்கு. அந்தக் குறியெல்லாம் போட்டவ நீ. அன்னைக்கு அந்தப் பக்கம் யார் வண்டியை விட்டாங்கன்னு உனக்கு எதாவது தெரியுமா?"

தெரியாது என்றேன்.